பன்னிரண்டு எண்ணுவதற்குள்

என் வயதுக்காரர்கள் யாராவது இதைப் படிக்கிறீர்கள் என்றால் உட்கார்ந்துகொண்டு படியுங்கள். எழுதுகிற நானும் சாய்ந்து உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஒரு பக்கம் எழுதினால் கை ஓய்ந்துவிடுகிறது. போன மாதம் வரைக்கும் இதை எழுத வேண்டும் என்ற எண்ணமே எனக்கு இல்லை. இத்தனை வருஷம் சொல்லாமல் இருந்தாயிற்று, இப்படியே போய்விடலாம் என்றுதான் இருந்தேன்.

எனக்குப் பத்து வயது. அக்காவுக்குப் பதிமூன்று. அந்த வருஷத்து ஆவணி, புரட்டாசி. காஞ்சிபுரத்தில் அந்த மாதங்கள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பகலெல்லாம் சித்திரை மாதிரி எரிக்கும். பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரத்துக்கு மேற்கே கறுப்பாக ஒன்று எழும்பி நிற்கும். விளக்கு வைப்பதற்குள் இடித்துக் கொட்டிவிட்டுப் போய்விடும்.

எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில் இருந்தது. முன்கூடத்தில் இரண்டு தறி, அதை ஒட்டி ஓடு வேய்ந்த ஒரு அறை, பின்னால் முற்றம், அங்கிருந்து சின்ன மாடிக்குப் படி. அப்பாவும் சித்தப்பாவும் ஆளுக்கொரு தறியில் உட்காருவார்கள். அம்மா, அக்கா, நான். அந்த வருஷம் தை மாதத்தில்தான் சித்தப்பாவுக்குக் கல்யாணமாகி சித்தி வந்திருந்தாள். அவளுக்குச் சொந்த ஊர் திருப்புட்குழி.

மேற்கே கறுத்ததும் அம்மா ஒரு சடங்கு போலச் சில காரியங்கள் செய்வாள். சுவரிலிருக்கும் கண்ணாடியைத் திருப்பி வைப்பாள். கடப்பாரையையும் அரிவாள்மணையையும் முற்றத்தில் தூக்கிப் போடுவாள், இடி இரும்பில் இறங்கிவிட்டுப் போகட்டும் என்று. "அர்ஜுனா, அர்ஜுனா" என்று முணுமுணுத்துக்கொண்டே கடைசியாக அக்காவைப் பிடித்து அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவாள். தலைச்சன் பிள்ளையை இடி தேடிக்கொண்டு வரும் என்று அம்மாவுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அக்கா எங்கள் வீட்டுத் தலைச்சன். நான் இரண்டாவது, என்னை இடி சீந்தாது என்று அம்மாவுக்கு நிச்சயம். அதனால் நான் உள்ளேயும் வெளியேயும் ஓடிக்கொண்டிருக்கலாம்.

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. பட்டு நூல் கட்டுகளை வைக்கிற அறை. கச்சாப் பட்டுக்கு ஒரு வாடை உண்டு, ஈரக் கோணியும் கருவாடும் கலந்த மாதிரி. அதோடு நூலுக்குப் போடுகிற கஞ்சியின் புளித்த வாடை. வெளிச்சத்துக்குக் கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு பதித்திருந்தார்கள். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். மின்னல் வெட்டினால் அந்த ஓடு வழியாக அறை முழுக்க வெள்ளையடித்த மாதிரி ஒரு கணம் தெரிந்து மறையும்.

அக்கா அங்கே சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. எண்ணினாள்.

அது எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். அந்த வைகாசித் திருவிழாவில் சின்ன காஞ்சிபுரத்துப் பக்கம் வாணம் விட்டார்கள். நாங்கள் மாடிப்படி உச்சியில் நின்று பார்த்தோம். வானத்தில் பூ விரிந்து உதிர்ந்தே போய்விடும், அப்புறம்தான் சத்தம் வரும். எனக்கு அது வேடிக்கை. அக்கா முகம் மட்டும் கணக்குப் போடுகிற முகமாக மாறிப்போயிற்று. விரல் விட்டு எண்ணினாள். மறுபடி எண்ணினாள். "ஒவ்வொரு தபாவும் பன்னெண்டுதான்டி வருது" என்றாள். "வெளிச்சம் ஒடனே வந்துடுது. சத்தம்தான் நடந்து வருது. பெருமாள் கோயில்லருந்து நம்ம வீட்டுக்கு நடந்து வர அதுக்குப் பன்னெண்டு எண்ணணும்."

யாரும் சொல்லித் தரவில்லை. அவளே கண்டுபிடித்தாள். ஆவணியில் அறைக்குள் அடைபட்டதும் அதே கணக்கை மின்னலுக்கு வைத்தாள். அப்பாவின் தறி ஒரே சீராக அடிக்கும். அந்தச் சத்தத்துக்கு ஒத்து எண்ணுவாள். கதவின் உட்புறத்தில் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தாள். முப்பத்தைந்து என்றால் திருப்புட்குழி. பதினெட்டு என்றால் கீழம்பி. ஆறு என்றால் ஒலிமுகமதுபேட்டை. பிறகு தலைக்கு மேலே. அதற்கப்புறம் எண்ணிக்கை ஏற ஆரம்பிக்கும். பதினெட்டு வந்தால் ஏனாத்தூர்ப் பக்கம் போய்விட்டது என்று அர்த்தம். பஸ் வருகிற மாதிரி அந்த ஊர்களில் எல்லாம் நின்று நின்று இடி வரும், போகும்.

அவள் வைத்த சட்டம் இதுதான். பன்னிரண்டுக்குக் கீழே வந்தால் எல்லோரும் உள்ளே வந்துவிட வேண்டும். ஏனாத்தூர் தாண்டும் வரை வெளியே போகக் கூடாது. இப்போது முப்பதுக்குள் சத்தம் கேட்டாலே உள்ளே போய்விடு, கடைசி இடிக்கு அப்புறமும் அரைமணி நேரம் வெளியே வராதே என்கிறார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் அக்காவின் பன்னிரண்டே தாமதம்தான். அந்தப் பன்னிரண்டைக்கூட நாங்கள் கேட்கவில்லை.

கேட்டவள் சித்தி ஒருத்திதான். இருபது வயதிருக்கும். மேல்வரிசையில் ஒரு பல் மற்றதன்மேல் ஏறியிருக்கும்; சிரிக்கும்போது அதை உதட்டால் மூடப் பார்ப்பாள், முடியாது. பொரி உருண்டை டப்பாவை எடுத்துக்கொண்டு எங்களோடு அறைக்குள் வந்து உட்கார்ந்துகொள்வாள். "இன்னிக்கு எங்கடி வந்துக்கினு இருக்குது?" என்று கேட்பாள்.

"உங்க ஊர்லதான் சித்தி. முப்பத்தஞ்சு."

"ஐயோ, எங்கம்மா வெறகை உள்ள எடுத்துச்சோ இல்லியோ" என்பாள். அப்புறம் ஒரு உருண்டையை உடைத்துப் பெரிய பாதியை எனக்குத் தருவாள். அந்த அறையில் மூன்று பேரும் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்போம். அவள் புடவையில் மஞ்சள் வாசனை இருக்கும், பட்டு வாடையையும் மீறிக்கொண்டு. கதவுக்கு வெளியே அம்மா "அர்ஜுனா" என்பாள். உள்ளே நாங்கள் எண்ணுவோம்.

ஒருமுறை அக்கா "கீழம்பி" என்று சொன்னதும் சித்தி ஓடிப்போய் மாடியில் காய்ந்த சாயநூலை அள்ளிக்கொண்டு வந்தாள். அவள் கீழே இறங்கவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. அப்பா சந்தோஷப்பட்டார். "என் பொண்ணு இடிக்கே டைம்கீப்பர்பா" என்று சித்தப்பாவிடம் சொல்லிச் சிரித்தார். அக்கா அன்றைக்கெல்லாம் தலை நிமிர்ந்து நடந்தாள். எதிர்வீட்டு அம்மாவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. "வயசுக்கு வரப்போற பொண்ணு, இடிய எண்ணுது பாரு. எண்ணினா அது வந்து வாசல்ல நிக்கும்" என்று அம்மாவிடம் சொன்னாள்.  அம்மா அன்றிரவு அக்காவுக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டாள்.

புரட்டாசி பாதியில் தொடர்ந்து மூன்று நாள் காலையில் தூறல். பாவு என்றால் தறியில் ஏற்றுகிற நெடுக்கு இழை. பட்டுப் பாவை விடியற்காலையில் தெருவில் நீட்டித்தான் சரிசெய்வார்கள். வெயில் ஏறினால் இழை முறுகி அறுந்துபோகும். தூறல் விழுந்தால் அதுவும் ஆகாது. அப்பாவின் தறி காலியாக நின்றது. வேலையில்லாமல் உட்கார்ந்திருக்க அவருக்குத் தெரியாது. மூன்றாம் நாள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நான்காம் நாள் மத்தியானம் தூறல் விட்டது. மேகம் மட்டும் கலையாமல் மூடிக்கொண்டிருந்தது. அப்பா தெருவில் இறங்கி அண்ணாந்து பார்த்தார். "வெயிலே இல்லப்பா. விடியகால மாதிரியே குளுகுளுன்னு இருக்குது. இப்பவே போட்டுடலாம்" என்றார். எந்த மேகத்தைப் பார்த்து உள்ளே போயிருக்க வேண்டுமோ, அந்த மேகத்தைப் பார்த்துத்தான் வெளியே வந்தார்கள். இதை நான் அப்பாவைக் குறை சொல்லி எழுதவில்லை. தெருவில் இன்னும் இரண்டு வீட்டுக்காரர்களும் அதே மேகத்தைப் பார்த்துவிட்டுத் தங்கள் பாவை எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

எங்கள் பாவு தெருவின் பாதி நீளத்துக்கு நின்றது. நல்ல அரக்கு நிறம். நடுநடுவே மரக்கால்கள் தாங்கியிருந்தன. இழைகள் பின்னிக்கொள்ளாமல் இருக்க மூங்கில் குச்சிகள் நுழைத்திருந்தார்கள். ஒரு முனை எங்கள் வாசலுக்கு நேரே. இன்னொரு முனையைக் கயிறு போட்டுத் தெருக்கோடிப் புளியமரத்தில் கட்டியிருந்தார்கள். வழக்கமாகக் கட்டுகிற மரம்தான். அப்பாவும் சித்தப்பாவும் இழை பார்த்துக்கொண்டு போனார்கள். சித்தி மரத்தடியில் நின்று கயிற்றின் இழுப்பைப் பார்த்துக்கொண்டாள்.

மூன்றரை மணி இருக்கும். சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. மேற்கே முதல் உறுமல் கேட்டதுமே அம்மா அக்காவை அறைக்குள் தள்ளி வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டாள். தறிச் சத்தம் இல்லாததால் அக்கா தன் தொடையில் தட்டிக்கொண்டு எண்ணினாள்.

"முப்பத்தி ரெண்டு. போய்ச் சொல்லு."

நான் வாசலுக்கு ஓடிக் கத்தினேன். அப்பா கையை மட்டும் ஆட்டினார்.

"பத்தொம்பது. கீழம்பி வந்துடுச்சின்னு சொல்லு."

மறுபடி ஓடினேன். இந்தமுறை மற்ற இரண்டு வீட்டுக்காரர்களும் சுருட்ட ஆரம்பித்தார்கள். அவர்களுடையது சின்னப் பாவு. சித்தி மரத்தடியிலிருந்து என்னைப் பார்த்து, "எங்கடி இருக்குது?" என்று சத்தமாகக் கேட்டாள்.

"கீழம்பி சித்தி! வந்துடு!"

அவள் அப்பாவைப் பார்த்தாள். புருஷனின் அண்ணன் சொல்லாமல் கயிற்றை விட்டு எப்படி வருவாள்? விட்டால் பாவு துவண்டு தரையில் விழும்.

அடுத்தது பதினொன்று. அக்கா அறைக்குள்ளிருந்து கதவைத் தட்டினாள். "பன்னெண்டு தாண்டிடுச்சு! எல்லாரையும் உள்ள வரச் சொல்லு!" நான் தெருவில் பாதிதூரம் ஓடி அப்பாவின் வேட்டியைப் பிடித்தேன். "அப்பா, வந்துடுப்பா. அக்கா அழுவுது."

"இரும்மா. இன்னும் ரெண்டு குச்சிதான். சுருட்டிக்கினு வந்துடறோம்" என்றார். அவருக்கு நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. பெரிய பெரிய துளியாக மழை விழ ஆரம்பித்தது. அரக்குப் பட்டின்மேல் ஒவ்வொரு துளியும் கறுப்புப் புள்ளியாக இறங்கியதைப் பார்த்தேன். அப்பாவும் அதைத்தான் பார்த்தார். அவர் கண்ணுக்கு வேறொன்றும் தெரியவில்லை.

நான் திரும்பி வாசற்படியில் கால் வைத்தேன். வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன. எண்ணுவதற்கு நடுவில் ஒன்றும் இருக்கவில்லை. பல் கூசியது. வாயில் பித்தளை டம்ளரைக் கடித்த மாதிரி ஒரு ருசி. காதுக்குள் விசில் மாதிரி ஒன்று நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

திரும்பிப் பார்த்தபோது புளியமரத்தில் மேலிருந்து கீழ்வரை பட்டை உரிந்து வெள்ளையாகத் தெரிந்தது. அப்பாவும் சித்தப்பாவும் தெருவில் முட்டிபோட்ட மாதிரி விழுந்திருந்தார்கள். எழுந்துவிட்டார்கள். சித்தி மரத்துக்கு நாலு முழம் தள்ளிக் கிடந்தாள். மல்லாந்து, ஒரு கை தலைக்கு மேலே. தூங்குகிற மாதிரிதான் இருந்தது. காயம் ஒன்றும் தெரியவில்லை. மெட்டி மட்டும் கறுத்திருந்தது.

சித்தப்பா ஓடினார். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் குறுக்கே விழுந்து அவரைத் தடுத்தார். "தொடாதேப்பா! ஒடம்புல இடி இருக்குது. தொட்டா ஒன்னையும் இழுத்துக்கும்!" தெரு முழுக்க அதையே சொன்னது. தொடாதே. தொடாதே. எல்லோரும் வட்டமாக நின்றார்கள், நடுவில் மழையில் அவள்.

அப்போது அறைக் கதவைத் திறந்துகொண்டு அக்கா வந்தாள். தாழ்ப்பாள் எப்படி விட்டது என்று தெரியவில்லை. வட்டத்துக்குள் புகுந்து சித்தி பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "கை சூடா இருக்குதும்மா!" என்று அண்ணாந்து கத்தினாள். "நான் தொட்டுட்டேன், எனக்கு ஒண்ணும் ஆவல! பாருங்க, ஒண்ணும் ஆவல!"

அம்மா வாசலில் நின்று அலறினாள். "தலைச்சன்டீ! அவளப் புடி! போய் அவளப் புடி!" என்னைத்தான் சொன்னாள். நான்தான் பக்கத்தில் இருந்தேன். நான் போய் அக்காவின் பாவாடையை இடுப்போடு இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். அவள் திமிறினாள். நான் விடவில்லை. பத்து வயதில் எனக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ தெரியாது. நாடா அறுந்தது, அப்போதும் விடவில்லை. இரண்டு பேரும் சேற்றில் உட்கார்ந்த மேனிக்கு நான் அவளை வட்டத்துக்கு வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். சித்தியின் கை தரையில் விழுந்தது.

அப்புறம் யாரோ சாணியும் ஈரமண்ணும் கொண்டுவந்தார்கள். மண் இடியை இழுத்துக்கொள்ளும் என்று அவளை மார்பு வரைக்கும் மூடினார்கள். மண்வெட்டியால்தான் மூடினார்கள், கையால் தொடாமல். மூச்சு வரும் வரும் என்று காத்திருந்தார்கள். டாக்டர் வந்தபோது மழையே விட்டிருந்தது. அவர் மண்ணைத் தள்ளிப் பார்த்துவிட்டு, "எவ்ளோ நேரமாச்சு?" என்று மட்டும் கேட்டார். 

தலைச்சனைத்தான் இடி தேடும் என்றார்கள். சித்தி அவள் வீட்டில் நாலாவது பிள்ளை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு பழி எங்கேயாவது போய் உட்கார வேண்டுமே, அது அக்காவின்மேல் போய் உட்கார்ந்தது. எதிர்வீட்டு அம்மா சொன்னதை இப்போது எல்லோரும் சொன்னார்கள். எண்ணி எண்ணி வரவழைத்துவிட்டாள் என்று. அம்மா ஈரத்துணியால் கதவின் உட்புறத்தைத் துடைத்தாள். திருப்புட்குழியும் கீழம்பியும் வெள்ளைத் தண்ணீராக வழிந்தன. அப்பா ஏணி வைத்து ஏறி அந்தக் கண்ணாடி ஓட்டைக் கழற்றிவிட்டு மண் ஓடு வைத்தார். கழற்றிய ஓட்டை எங்கே போட்டார் என்று நான் பார்க்கவில்லை. அறை பகலிலும் இருட்டாகிவிட்டது.  அக்கா மறுத்துப் பேசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

சித்தப்பா வருஷம் திரும்புவதற்குள் பெங்களூர்ப் பக்கம் போய்விட்டார். அந்தப் பாவை அப்பாதான் நெய்தார். மழைக்கறை பட்ட இடத்தைக் கழித்துவிட்டு மீதியை நெய்தார். யாரோ ஒரு பெண் அதைக் கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்திருப்பாள். அப்பா அதற்கப்புறம் இடி இடித்தால் தறியை விட்டு எழுந்துவிடுவார். எழுந்து எங்கே போவது என்று தெரியாமல் கூடத்தில் நிற்பார். சாகும்வரை அப்படித்தான்.

அக்கா பள்ளிப்படிப்பை முடித்து நர்ஸ் வேலைக்குப் படித்தாள். ஊர் ஊராக வேலை பார்த்து ஓய்வு பெற்று இங்கேயே வந்துவிட்டாள். நான் கல்யாணம், பிள்ளைகள் என்று இருந்துவிட்டேன். சித்தியைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் பேசியதே இல்லை.

போன மாதம் எங்கள் மகளிர் குழுவுக்கு முதலுதவி சொல்லித்தர ஒரு பெண் வந்தாள். என் பேத்தி வயதுதான் இருக்கும். ரப்பர் பொம்மையைத் தரையில் கிடத்தி நெஞ்சில் எப்படி அமுக்குவது என்று காட்டினாள். போகிறபோக்கில் சொன்னாள்: "இடி விழுந்தவங்களத் தொட்டா ஷாக் அடிக்கும்னு நெனைக்காதீங்கம்மா. ஒடம்புல ஒண்ணுமே இருக்காது. மூச்சு நின்னிருந்தா ஒடனே அமுக்க ஆரம்பிங்க. பல பேர் பொழச்சிருக்காங்க." பக்கத்திலிருந்தவர்கள் தலையாட்டிக்கொண்டு டீ வாங்கப் போனார்கள். நான் அந்தப் பொம்மையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் வந்து "இன்னா பாட்டி, தலை சுத்துதா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

நான்கு நாள் வைத்திருந்தேன். ஐந்தாம் நாள் அக்கா வீட்டுக்குப் போனேன். மாடி வீடு, பதினெட்டுப் படி. அவள் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கி முடிவதற்கு முன்பே சொல்லிவிட்டேன், அந்தப் பெண் சொன்னதையெல்லாம்.

அக்கா கத்தியைத் தட்டில் வைத்தாள். "தெரியும்" என்றாள்.

"எப்போலருந்து?"

"டிரெயினிங்ல. ரெண்டாவது வருஷம்."

"ஏன்கா என்கிட்ட சொல்லல?"

"சொல்லி? அப்பா அந்த ரெண்டு குச்சிய நெனச்சுக்கினே போய்ச் சேந்தாரு. அம்மா கடைசில நெனவு தப்புனப்போகூட 'அவளப் புடி, அவளப் புடி'ன்னுதான் சொல்லிக்கினு கெடந்தா. ஒரு வீட்டுல எத்தினி பேருடி இதத் தூக்கிக்கினு அலையறது?"

"நான் புடிச்சு இழுக்காம இருந்திருந்தா..."

"இழுக்காம இருந்திருந்தா நான் இன்னா பண்ணியிருப்பேன்? கையப் புடிச்சுக்கினு அழுதிருப்பேன். நெஞ்ச அமுக்கணும்னு எனக்கா தெரியும்? பதிமூணு வயசு."

அது உண்மைதான். உண்மையைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, காயைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.  கீழே யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பினார்கள்.

"ஆஸ்பத்திரில எத்தினியோ பேர அமுக்கியிருக்கேன்" என்றாள் அவளாகவே. "பொழச்சவங்களும் உண்டு. அமுக்கறப்பல்லாம் பின்னால யாரோ பாவாடையப் புடிச்சுக்கினு இருக்கற மாதிரியே இருக்கும். ரிட்டயர் ஆவற வரைக்கும் இருந்திச்சு." அதில் கோபமில்லை. இடுப்பு வலியைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னாள். பிறகு என் வலது கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "அந்தக் கைக்குப் பத்து வயசுடி. அத்த விட்டுடு."

விட்டுவிட்டேன் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். மீதிக் காயை நான் நறுக்கினேன், அவள் டீ போட்டாள். இரண்டு பேரும் சர்க்கரை போடாமல் குடித்தோம்.

கிளம்பும்போது அவளும் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. என் முழங்கைக்கு மேலே இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். கடைசிப் படி வந்த பிறகும் கையை எடுக்கவில்லை. தெருமுனைவரை அப்படியே நடந்தோம்.